நூற்று நாற்பது டாலர் அறை

கராஜின் கூரை விட்டத்தில் பாலிதீன் தாளை
ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கவிட்டேன்.
பிளம்பிங் குழாய்களால் ஒரு கூடு.
மூட்டுகளில் பசை போடவில்லை.
திங்கட்கிழமை பிரித்துவிடுவேன்
என்பது நோரீனுக்குத் தந்த வாக்கு.
விசிறிகள் இரண்டு. ஒன்று அடுத்த வீட்டு
பெட்கோவிச் கொடுத்தது,
அவர் பூனையின் முடியோடு வந்தது.
அதைக் கழுவவே ஒரு மணி நேரம் போயிற்று.

விசிறிகளை உள்ளே ஊதும்படி வைத்தேன்,
முகத்தில் வடிகட்டி கட்டி.
வெளியே இழுக்க வைத்தால்
பெயிண்ட் புகை மோட்டாரின் பொறியைத் தேடிப் போகும்.
சுவிட்சைப் போட்டதும்
பாலிதீன் சுவர்கள் வயிற்றை உப்பிக்கொண்டன.
கதவடியில் வைத்த வடிகட்டி வழியே
காற்று முணுமுணுத்துக்கொண்டு தெருவுக்குப் போனது.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாகத் தெரியும்.
வின்ட்சரின் தொழிற்சாலையில்
பெயிண்ட் அறை என்பது ஆபரேஷன் தியேட்டர்.
தலைக்கு உறை, தாடிக்கு உறை.
வாசனை பூசிக்கொண்டு வந்தவனை
வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.
அடிப்பது இயந்திரக் கைகள்.
நான் அதற்கு முந்தைய அறையில் துடைப்பவன்.
பிசின் துணியால் பானட், கதவு, கதவு, டிக்கி;
ஐம்பத்தெட்டு விநாடிக்கு ஒரு கார்.
கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு மூடுபனி இறங்கும்,
பிறகு நீலம், பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
துப்பாக்கியை ஒருமுறைகூட நான் தொட்டதில்லை.
எங்கள் ஷிஃப்டை மூடிய அன்று
கேக் வெட்டினார்கள். அதுவும் வெள்ளை.

மினிவேனுக்குப் பதினான்கு வயது.
சக்கர வளைவுகளைச் சாலை உப்பு
தின்று தீர்த்திருந்தது.
அடைத்தேன், தேய்த்தேன், மறுபடி அடைத்தேன்.
யாரோ கலக்கச் சொல்லிவிட்டு
வாங்க வராமல் போன டப்பா
கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது.
பச்சைதான். எந்தப் பச்சை என்றால்,
"ஊறுகாய் ஜாடிக்குள் வெள்ளரிக்காய்"
என்றாள் நோரீன்.

சனிக்கிழமை காலை
வெந்நீர் பாய்லரின் காஸை மூடினேன்.
சிறு தீ போதும், கூரையே போய்விடும்.
நோரீன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு
என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள்.
தரையை நனைத்தேன், தூசி படுத்துக்கொண்டது.
முகமூடியை இறுக்கியதும்
உலகத்தில் என் மூச்சு மட்டும்தான்.

முதல் வீச்சில் என் கை
இயந்திரக் கையைப் போல நடித்தது.
இரண்டாவதில் மறந்துவிட்டது.
மூன்றாவது,
பின்கதவின் ஓரத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டேன்,
மெழுகுபோல் வழிந்து நின்றது பெயிண்ட்.
தயங்கினால் வழியும்.
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை,
துடைப்பவனுக்கு எதற்கு?

ஜூன் மாதம். ஆற்றிலிருந்து
பூச்சிகள் எழும் வாரம்.
தின்ன வாய் இல்லாத பூச்சி,
ஒரு நாள்தான் அதற்கு.
அந்த ஒரு நாளில்
எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ,
கடைசிப் பூச்சு காயுமுன்
பானட்டின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.
அங்கே என்றால் சிவப்பு விளக்கு எரியும்,
தாளில் என் எண் ஏறும்.
இடுக்கியால் தூக்கினேன்.
உடல் வந்தது. ஒரு இறக்கை வரவில்லை.
பச்சைமேல் அதன் நரம்பெல்லாம் தெரிந்தது.
முகமூடிக்குள் சிரித்திருப்பேன் போல,
கண்ணாடியில் ஆவி படிந்தது.

வெளியே பெட்கோவிச்.
தன் டிரெய்லருக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
"என் விசிறி" என்று ஞாபகப்படுத்தினார்.

மூன்று மணி நேரம் காற்றோட விட்டு
பாய்லரை மூட்டினேன்.
நோரீன் நெடுநேரம் வெந்நீரில் குளித்தாள்.
ஈரத் தலையோடு வந்து
வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.
"இது என்ன?" என்று
கட்டைவிரலை வைத்தேவிட்டாள்.
காயவில்லை என்று நான் கத்துவதற்குள்.

இப்போது பானட்டில்
ஒரு இறக்கையும் அரைக் கட்டைவிரலும்.
இன்று செவ்வாய்.
குழாய்கள் அப்படியே நிற்கின்றன.
அவள் இன்னும் கேட்கவில்லை.